எதிர்பாராத சமக்குறி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னாலும் கேட்கமாட்டாள், நான் சொன்னாலும் கேட்கமாட்டாள். ஆனாலும் சொல்லி வை.

உங்கள் நிறுவனத்தில் நீங்கள் உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழியை நான் எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று விவரமாகக் கேட்டிருந்தாய். எங்கள் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் படுக்கைகள் குறைவு, நோயாளிகள் அதிகம். பாதிப் பேருக்கு நிரந்தரப் படுக்கை, நிரந்தரக் கிழமை. மீதிப் பேர் காலையில் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நிரந்தரக்காரர்களில் யாராவது வரவில்லை என்றால் அந்தப் படுக்கை பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவருக்கு. யாருக்கு? முன்பெல்லாம் யார் சத்தம் அதிகமோ அவருக்கு. அந்த அநியாயத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் புரோகிராம் எழுதப் பழகினேன். யார் கடைசியாக எப்போது ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டார், யாருக்கு உடம்பு மோசம் என்று பார்த்து, அன்றைய வரிசையை அது அச்சடித்துக் கொடுக்கும். வாசல்காரர் அதைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். இப்போது சண்டை இல்லை.

அந்த வரிசைக்கு 'காத்திருப்போர்' என்றுதான் முதலில் பெயர் வைத்தேன். ஆறெழுத்துக்கு மேல் பெயர் கூடாது என்று உன் மொழி அடம்பிடித்தது. 'காத்திரு' என்று வெட்டிவிட்டேன். நான் எழுதியதை மிஷினுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் உன் கம்பைலர் தினமும் காலையில் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் வாசித்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்துக்கு வரும் இன்ஸ்பெக்டர் தோற்றார்.

ஒரே ஒரு குறை. பிரிண்டர் சில பெயர்களை விழுங்கிவிடுகிறது. போன வாரம் வெல்டரின் பெயரை விழுங்கிவிட்டது. வெல்டர் என்பவர் எங்கள் பெஞ்சின் ராஜா. வாரம் இரண்டு முறை வருவார், கதவில் தலையை நீட்டி ஏதாவது சொல்லாமல் போகமாட்டார். "என்னம்மா, உங்க மிஷின் என் பேரத் தின்னுடுச்சா? இரும்பு சாப்பிட்டு வளந்த பேரு, ஜீரணமாகாது" என்றார். நல்லவேளை, எனக்கு அவர் முறை தெரியும், கையால் எழுதிச் சேர்த்துவிட்டேன்.

புரோகிராமின் அச்சை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ சொன்னதைச் சொன்னேன். "அவ முதல்ல ஒழுங்கா சாப்பிடட்டும்" என்று பதில் வந்தது. மாமாவுக்கு என் வணக்கம்.

உன் புரோகிராமை முழுதாக வாசித்தேன். எங்கள் குழுவில் இருப்பவர்களிடமும் காட்டினேன். பள்ளிக்கூடத்துக் கணக்குகளையே பார்த்துச் சலித்தவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் காலை நேரத்தைப் பார்த்தது பெரிய விஷயம். அச்சு இப்போது என் மேசைக்கு மேலே சுவரில் இருக்கிறது.

பிரிண்டர் சமாச்சாரம் சுலபம். பிரிண்டர் மெதுவானது, கம்ப்யூட்டர் வேகமானது. ஒரு பெயரை அடித்து முடிப்பதற்குள் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. நடுவில் "கொஞ்சம் பொறு" என்று சொல்ல எங்கள் மொழியில் கட்டளை இல்லை. கட்டளை வேண்டும் என்றால் ஒரு சொல்லை ஒதுக்க வேண்டும். மொழி தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொல்லை வேறு யாரும் எதற்கும் பெயராக வைக்க முடியாது. ஒரு ஓவிய வாத்தியார் தன் படத்துக்கு 'வரை' என்று பெயர் வைத்திருக்கிறார். நாங்களோ 'இத்தனை முறை ஆகும் வரை' என்பதற்காக அந்தச் சொல்லை ஒதுக்கியிருக்கிறோம். கம்பைலர் அவரிடம் "வரை எதிர்பாராதது" என்று சொல்லிவிட்டது. "பிறந்ததிலிருந்து வரைகிறேன், என்னிடமா எதிர்பாராதது என்கிறது?" என்று நாலு பக்கம் திட்டி எழுதியிருக்கிறார்.

பொறு, நில், தாமதி என்று பல சொற்களைப் போட்டுப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்தேன். காத்திரு! அதுதான் சரியான சொல். எங்கள் குழுத் தலைவருக்கும் பிடித்துவிட்டது. உன் சொல்லை எடுத்துக்கொண்டோம் அக்கா. அடுத்த பதிப்பில் வருகிறது. இனி ஒரு பெயரும் விழுங்கப்படாது என்று வெல்டரிடம் சொல்.

உன் தம்பி,
வாயாடி

பிப்ரவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவிடம் நான் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒதுக்கிய சொல் என்றால் வீட்டுக்குள் சேர்க்காத சொல் என்று அவர் நினைத்துவிட்டார். இல்லை, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குத் துண்டு போட்டு வைத்த நாற்காலி மாதிரி என்று சொன்ன பிறகுதான் புரிந்தது. "அப்ப ஒன்னோட வார்த்தைக்கு நாற்காலி போட்டுட்டாங்களா?" என்று சிரித்தார். அவர் ஒரு நாளில் பேசுவதே பத்து வார்த்தை. அதில் பாதியை இதற்குச் செலவழித்தார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? நான் வெட்டி ஒட்டிய ஒரு சொல் ஊர் ஊராகப் போகப்போகிறது. வெல்டரிடம் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்களிடம் எல்லாம் அவரே போய்ச் சொல்லிவிட்டார். "நாம இங்க உக்காந்து உக்காந்து காத்திருந்தது வீணாப் போகலப்பா, கம்ப்யூட்டருக்குள்ளயே போயிருச்சு."

அவருக்கு அடுத்த மாதம் நிரந்தரப் படுக்கை கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கால் வீக்கம்தான் குறையவில்லை. பழம் சாப்பிடக் கூடாது என்றால் கேட்பதில்லை.

புதுப் பதிப்பு இருக்கும் டிஸ்க் எப்போது வரும்?

அன்புடன்,
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அம்மா மருந்து மாற்றிய பிறகு நன்றாக நடக்கிறாள். நீங்கள் இருவரும் நலம்தானே?

இதோ டிஸ்க். பெட்டியிலிருந்து முதலில் எடுத்ததே உனக்குத்தான். பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பழைய புரோகிராம்கள் எல்லாவற்றையும் இதில் ஓட்டிப் பார்த்துவிட்டோம், ஒன்றும் மக்கர் பண்ணவில்லை. புதுக் கட்டளைகளைப் பற்றிய கையேடு அச்சகத்தில் இருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன். அச்சடிக்கும் வரிக்குக் கீழே 'காத்திரு பிரிண்டர்' என்று ஒரு வரி சேர்த்துவிடு. அவ்வளவுதான்.

பழைய டிஸ்கைத் திருப்பி அனுப்பிவிடு. இங்கே டிஸ்க் பஞ்சம். அழித்து வேறு யாருக்காவது கொடுக்க வேண்டும்.

போட்டுப் பார்த்துவிட்டு உடனே எழுது. வெல்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுது. இங்கே குழுவில் எல்லோரும் அவரை விசாரிக்கிறார்கள்.

உன் தம்பி,
வாயாடி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

டிஸ்க் வந்தது. பழையதை அன்றே தபாலில் அனுப்பிவிட்டேன், உனக்குக் கிடைத்திருக்கும்.

ஒரு சந்தேகம். 'சமக்குறி எதிர்பாராதது' என்று கம்பைலர் சொன்னால் என்ன அர்த்தம்? என் புரோகிராமில் சமக்குறிகள் நிறைய இருக்கின்றன. எதில் பிழை என்று கண்டுபிடிக்க என்ன வழி? அவசரம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உன் கடிதம் ஏன் இத்தனை நாள் கழித்து வந்தது என்று அம்மா கோபத்தில் இருக்கிறாள். அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது.

ஐயோ அக்கா! உன் கடிதத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது 'காத்திரு' கட்டளை ஆகிவிட்டது அல்லவா? உன் வரிசைக்கும் அதே பெயர். "காத்திரு = ..." என்று நீ எழுதியிருக்கும் இடத்துக்கு வந்ததும், கம்பைலர் அதை உன் வரிசை என்று நினைக்காது. ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கச் சொல்கிறாய் என்று நினைத்து, எதற்காக என்று அடுத்த சொல்லைப் பார்க்கும். அங்கே சமக்குறி நிற்கும். உடனே "இவன் எங்கே வந்தான்?" என்று சமக்குறியின் மேல் பாய்ந்துவிடும். சமக்குறியின் மேல் தப்பே இல்லை. தப்பு அதற்கு முந்தைய சொல்லில். கம்பைலர்கள் எல்லாமே இப்படித்தான். நம் அப்பா மாதிரி. தட்டை யார் உடைத்திருந்தாலும், அவர் உள்ளே வரும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் அடி.

வரிசையின் பெயரை 'பெஞ்சு' என்று மாற்றிவிடு. பத்து நிமிஷ வேலை. பாவம், எவ்வளவு நேரம் திணறினாய்? காபி ஆறிப்போயிருக்கும்!

சொந்த அக்காவின் சொல்லைத் திருடிக்கொண்டு, அவளையே அதைப் பயன்படுத்த விடாமல் செய்துவிட்டேன் என்று தலைவர் என்னைக் கேலி செய்கிறார். வெல்டருக்கு நிரந்தரப் படுக்கை கிடைத்துவிட்டதா? புது டிஸ்கைப் பற்றி அவர் ஏதாவது சொல்லியிருப்பாரே.

உன் தம்பி,
வாயாடி

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், கொடுத்துவிடு.

நீ சொன்னது சரி. நானும் அன்றே அதைக் கண்டுபிடித்துப் பெயரை மாற்றிவிட்டேன். இப்போது ஓடுகிறது. நான் ஓட்டுவதில்லை. என்னைக் கொஞ்ச நாளைக்குத் துணிக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை எண்ணி, மடித்து, அலமாரியில் வைக்க வேண்டும். சுலபமான வேலை. ஜன்னல் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சமக்குறியைச் சொல்வதற்குப் பதிலாக அது அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாதா? 'காத்திரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும்.

மாமா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

உன் கடைசி இரண்டு கடிதங்களையும் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெல்டரைப் பற்றி இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் நீ பதில் எழுதவில்லை. முன்பெல்லாம் நான் கேட்காமலே அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவாய். யார் கேட்டாலும் நீ பதில் சொல்லாமல் விடுகிறவள் இல்லை. பால்காரர் குசலம் விசாரித்தால்கூட நின்று விவரமாகச் சொல்லிவிட்டு வருகிறவள் நீ.

அந்தப் பிரிவில் வரிசையைக் கொண்டுவந்தவளே நீதான். உன்னை ஏன் துணி மடிக்க அனுப்பினார்கள்?

காபி ஆறிப்போயிருக்கும் என்று எழுதினேனே, அந்த வரியை இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெல்டர் என்ன ஆனார், அக்கா?

தம்பி

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. நாங்கள் நலம் என்று மட்டும் சொல்.

வெல்டர் இறந்துவிட்டார். மார்ச் மாதமே. உன்னிடம் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் சமக்குறியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் டிஸ்க் வந்த மறுநாள் காலையில் அதைப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. தம்பி அனுப்பியது, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கம்பைலர் வாசிக்கத் தொடங்கியது, சமக்குறி எதிர்பாராதது என்று நின்றுவிட்டது. நான் ஒவ்வொரு சமக்குறியாகச் சரிபார்த்தேன். அழித்து எழுதினேன். முன்னால் இடம் விட்டேன், பின்னால் இடம் விட்டேன். பழைய டிஸ்கைப் போடலாம் என்றால் அது தபாலில் போய்விட்டது. சொல்லில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என்னுடைய சொல். உன் மொழியே அதை எடுத்துக்கொண்டிருந்தது. அதில் எப்படித் தப்பு வரும்?

வரிசை அச்சாகி வரவில்லை. நிரந்தரக்காரர்களை நர்சுகள் வழக்கம்போல உள்ளே அழைத்துக்கொண்டார்கள். பெஞ்சில் இருந்தவர்களிடம் வாசல்காரர், "லிஸ்ட் வரலைங்க, இன்னைக்கு முடியாது போலிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொருவராக எழுந்து போயிருக்கிறார்கள். வெல்டர் மட்டும் போகவில்லையாம். மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். எதற்காக உட்கார்ந்திருந்தார் என்று ஆஸ்பத்திரி வைத்த விசாரணையில் வாசல்காரரைக் கேட்டார்கள். தெரியாது என்றார்.

அன்று உள்ளே இரண்டு படுக்கைகள் காலியாகக் கிடந்தன.

மதியம் தாண்டி நான் சரிசெய்து வரிசையை அச்சடித்தபோது அவர் பெயர்தான் முதலில் இருந்தது. ஆனால் அதற்குமேல் தொடங்கினால் முடிக்க நேரம் போதாது என்று இயந்திரங்களைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் விடுமுறை. அதற்கு மறுநாள் விடிவதற்குள் வீட்டிலேயே மூச்சுத் திணறிப் போய்விட்டார்.

அனுமதி இல்லாமல் டிஸ்கை மாற்றியது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். தபாலில் வந்தது என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவர்களும் கேட்கவில்லை. நீ யாருக்கும் எதுவும் எழுதாதே. ஒரு வீட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் போதும். நான் துணி மடித்துக்கொள்கிறேன்.

அவருக்கு மனைவி இருக்கிறார். பிள்ளைகள் இல்லை.

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன்னிடம் புகார் எழுதச் சொல்கிறாள்.

யாருக்கும் எழுதாதே என்றாய். எழுதிவிட்டேன். என்னை நீ திட்டலாம்.

முதலில் தலைவரிடம் சொன்னேன். அவரும் வெல்டரை விசாரித்தவர்தான். "நீ ஆஸ்பத்திரிக்கு எழுதுனா கம்பெனியே எழுதுன மாதிரி ஆயிடும். புரியுதா?" என்றார்.

"கம்பெனி அனுப்புன டிஸ்க்தானே சார்."

"டிஸ்க்ல பிழை இல்லப்பா. எந்தெந்தச் சொல்ல எடுத்திருக்கோம்னு கையேட்டுல தெளிவா இருக்கு."

"கையேடு அப்ப அச்சகத்துல இருந்துச்சு சார். இப்பவும் அங்கதான் இருக்கு."

"எழுது. ஆனா எழுதுனா இந்த மேசையில உன்ன வச்சிருக்க என்னால முடியாது" என்றார். நல்ல மனிதர்தான். அதனால்தான் முன்கூட்டியே சொன்னார்.

உங்கள் ஆஸ்பத்திரி விசாரணை அதிகாரிக்கு மூன்று பக்கம் எழுதினேன். டிஸ்கை அனுப்பியவன் நான். பழைய டிஸ்கைத் திருப்பிக் கேட்டவன் நான். அந்தச் சொல் ஒரு ஆஸ்பத்திரியின் புரோகிராமில் ஏற்கெனவே பெயராக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அங்கிருந்துதான் அதை எடுத்தேன். பள்ளிக்கூடத்துப் பழைய புரோகிராம்களை எல்லாம் ஓட்டிப் பார்த்தோம். என் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்ததை மட்டும் யாரும் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கவில்லை. நானும் செய்யவில்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன், அக்கா. எனக்கு அதில் சொல்தான் தெரிந்தது. அந்தப் பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை.

மேசையைக் காலி செய்வதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்தேன். இப்போது 'காத்திரு' வரியின் தொடக்கத்தில் கட்டளையாக வந்தால் மட்டும் கட்டளை. பின்னால் சமக்குறி இருந்தால் அது யாரோ வைத்த பெயர் என்று கம்பைலர் புரிந்துகொண்டு ஒதுங்கிக்கொள்ளும். முதலிலேயே செய்திருக்கலாம். மூன்று நாள் வேலை அதிகம் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது, நீ கேட்டாயே, அது. இனிமேல் மொழி எந்தச் சொல்லைப் புதிதாக எடுத்துக்கொண்டாலும், பழைய புரோகிராமில் அது பெயராக இருந்தால் கம்பைலர் குறியைச் சொல்லாது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, "இந்தப் பெயரை நீங்கள் முன்பே வைத்திருந்தீர்கள். மொழி இதைப் பின்னால் எடுத்துக்கொண்டது. பிழை உங்களுடையது அல்ல. பெயரை மாற்றினால் போதும்" என்று சொல்லும். "மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கே, இவ்வளவு நீளம் எதுக்கு?" என்றார் தலைவர். ஆனால் வெட்டவில்லை.

இப்போது எனக்கு வேறு அறை. மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். உன்னைப் போலவே சமக்குறியில் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் ஆறேழு பேர் இருக்கிறார்கள். ஒரு விதைக் கிடங்கு, ஒரு நூலகம். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரிடமும், அன்று என்ன நின்றுபோயிற்று என்று கேட்டு எழுதுகிறேன்.

திருத்திய டிஸ்க் என்னிடம் இருக்கிறது. நீ கேட்டால் மட்டும் அனுப்புவேன்.

அவர் மனைவிக்கும் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்று தொடங்குவதா, "மதிப்பிற்குரிய" என்று தொடங்குவதா என்பதிலேயே நின்றுவிட்டேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 22

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவும் நானும் நலம். நீ சாப்பிடுவதில்லை என்று அம்மா எனக்கே எழுதிவிட்டாள். கோணல் மாணலாக அவள் கையெழுத்தில் ஒரு அட்டை வந்தது. சாப்பிடு.

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. உன் மூன்று பக்கத்தை விசாரணையில் சத்தமாக வாசித்தார்கள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாமா கடைசி வரிசையில் இருந்தார். வெளியே வந்ததும், "ஒந்தம்பி ஆம்பளைதான்" என்றார். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை.

முடிவு வந்துவிட்டது. எனக்கு எழுத்துமூலம் கண்டிப்பு. பழைய மேசைக்கே திரும்பச் சொல்லிவிட்டார்கள். புது விதி ஒன்று போட்டிருக்கிறார்கள். லிஸ்ட் வந்தாலும் வராவிட்டாலும், படுக்கை காலியாக இருந்தால் பொறுப்பு நர்ஸ் வெளியே போய்ப் பெஞ்சைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு விதி தேவைப்பட்டது. டிஸ்கை அனுப்பு. இந்த முறை எல்லோரிடமும் கேட்டுவிட்டு, பழையதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போடுகிறேன்.

மேசைக்குத் திரும்புவதற்கு முன் வெல்டரின் வீட்டுக்குப் போனேன். மாமா வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஒரே அறை. வாசலில் அவருடைய முகமூடிக் கண்ணாடி ஆணியில் தொங்குகிறது. அந்த அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் அந்தத் தையலை முடித்தார், நூலை அறுத்தார், அப்புறம் ஸ்டூலைக் காட்டினார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "உன்னைப் பத்தி நிறையச் சொல்லுவாரு" என்றார். அப்புறம், "அன்னிக்கி காலையில அவர நீ பாத்தியா? எப்படி இருந்தாரு?" என்று கேட்டார்.

தம்பி, உனக்கு நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

"பாக்கலம்மா" என்றேன். "குரல் கேட்டுச்சு. எப்பவும் போலக் கதவுல தலையை நீட்டி, என்னம்மா, மிஷின் கோவிச்சுக்கிச்சான்னு கேட்டாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. இருங்க, வந்துடறேன்னு சொன்னேன்."

போகவே இல்லை. சமக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சு. அன்று அவர் முறை என்பது எனக்கு லிஸ்ட் இல்லாமலே தெரியும். உள்ளே இரண்டு படுக்கைகள் காலி என்பதும் காலையிலேயே தெரியும். பிரிண்டர் அவர் பெயரை விழுங்கிய அன்று கையால் எழுதிச் சேர்த்தேனே, அந்தக் கை எனக்கு அன்றும் இருந்தது. எழுந்து போய் "உள்ள வாங்க" என்று சொல்லியிருந்தால் போதும்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"அதான் உக்காந்திருந்திருக்காரு" என்றார். "எல்லாரும் கெளம்பிப் போனப்புறம் இந்த மனுசன் மட்டும் ஏன் அங்கயே கெடந்தாருன்னு யாரக் கேட்டாலும் தெரியலன்னாங்க. வீட்டுக்கு வர மனசில்லையோன்னுகூட நெனச்சேன். நீ இருக்கச் சொல்லியிருக்க. அதான்."

எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "குடி" என்றார். குடித்தேன். அவர் மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தார். கிளம்பும்போது, "டிஸ்க் அனுப்புன அந்தத் தம்பியையும் ஒரு நாள் கூட்டிட்டு வா" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. மாமாவிடமும் இன்னும் சொல்லவில்லை. உன்னுடைய மூன்று பக்கத்தில் உன் பங்கு முழுவதும் இருந்தது. என் பங்கில் இது விடுபட்டிருந்தது.

இதற்குப் பதில் எழுதாதே. அம்மாவை அழைத்துக்கொண்டு வா.

அக்கா